பஸ்ஸில் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்பவர்கள்: நீங்கள் பார்த்த சின்னச் சின்ன நல்லவை

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். இந்த இழையைத் தொடங்கக் காரணம் மதுரை டவுன் பஸ். மாட்டுத்தாவணியில் ஏறி பெரியார் நிலையம் போகிற வண்டி, காலை நேரக் கூட்டம். ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பையன் ஒருவன், மேல் கம்பி எட்டாமல், முதுகுப் பையின் பாரத்தில் பின்னால் சாய்ந்தபடி நின்றான். உட்கார்ந்திருந்த ஓர் அம்மா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். அவர் மடியில் ஏற்கெனவே ஒரு கட்டைப்பை இருந்தது. பையன் பையைக் கழற்றிக் கொடுத்தான். உள்ளே தண்ணீர் பாட்டில் சரியாக மூடாமல் இருந்திருக்கிறது, சேலையில் வழிந்துவிட்டது. அவர் பாட்டிலை உருவி மூடியைத் திருகி, கோரிப்பாளையம் வரைக்கும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். பையன் படி வழியாக இறங்கினான், பை ஜன்னல் வழியாக இறங்கியது. நன்றி என்று அவனும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. சிம்மக்கல்லில் வேறு ஒரு பெண்ணின் டிபன் பை அந்த மடிக்கு வந்து சேர்ந்தது.

இதோடு இன்னொன்றும் உண்டு. பின்படியில் ஏறியவர் கொடுக்கிற ரூபாய் நோட்டு, ‘ஒரு பெரியார்’ என்ற சொல்லோடு ஆள் மாற்றி ஆள் போய் முன்னால் நிற்கும் கண்டக்டரிடம் சேர்கிறது. டிக்கெட்டும் மிச்சச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வருகின்றன. நடுவில் இருப்பவர்கள் யாரும் யாருக்கும் தெரிந்தவர்கள் இல்லை. ஒரு ரூபாய் குறைந்து நான் பார்த்ததில்லை.

பெரிய தான தருமங்கள் பேப்பரில் வருகின்றன, நல்லது. ஆனால் முகம் தெரியாதவரின் பாரத்தை இரண்டு நிறுத்தம் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மறந்துவிடுகிற இந்தப் பழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் தனி. அது அன்று முழுக்க என்னோடு இருந்தது. அலுவலகத்தில் வழக்கமாக எரிந்து விழும் இடத்தில்கூட நிதானமாகப் பேச முடிந்தது.

உங்கள் ஊரில், உங்கள் வேலையில், இப்படிக் கண்ணில் பட்டதை எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், பார்த்ததை எழுதுங்கள்.

---

ராத்திரி டியூட்டி:

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. உங்கள் பஸ் மாதிரியே எங்கள் வார்டும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்களால் நிறைந்த இடம்தான்.

பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில் உறவு என்று ஒன்று உண்டு. ஒருவரின் அம்மா சுடுதண்ணீர் வாங்கக் கீழே போனால், அடுத்த கட்டில் பாட்டி இரண்டு குழந்தையையும் பார்த்துக்கொள்வார். பிளாஸ்க் ஒன்று இருக்கும், ஆறு கட்டிலுக்கு அது போகும். ஊர் எது என்று கேட்பார்கள், என்ன குழந்தை என்று கேட்பார்கள், பெயரை மட்டும் கடைசி வரை கேட்க மாட்டார்கள். ‘ஏழாம் நம்பர் கட்டில் பொண்ணு சாப்பிட்டுச்சா?’ என்றுதான் விசாரிப்பு.

ஆனால் நான் சொல்ல வந்தது தாய்ப்பால் வங்கி. பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இது இருக்கிறது. குறைமாதத்தில், 1.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கிற குழந்தையின் அம்மாவுக்கு முதல் சில நாள் பால் ஊறாமல் போகலாம். அல்லது அவரே தீவிர சிகிச்சையில் இருக்கலாம். அந்தக் குழந்தைக்குப் பவுடர் பால் கொடுத்தால் குடலைத் தாக்கும் ஆபத்தான நோய் வரும் வாய்ப்பு அதிகம். வேறொரு தாயின் பால் கிடைத்தால் அந்த ஆபத்து குறைகிறது. பால் கொடுக்க முன்வரும் அம்மாக்களுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி முதலான ரத்தப் பரிசோதனை செய்கிறோம். பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, சட்டென்று குளிர்வித்து உறைய வைக்கிறோம். கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் குழந்தைக்குக் கொடுக்கிறோம்.

மிகச் சிறிய குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிதான் குழாய் வழியாகக் கொடுப்போம். ஓர் அம்மா முப்பது மில்லி எடுத்துக் கொடுத்தால் அது எத்தனை வேளை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘இவ்வளவுதானா வந்தது’ என்று தயங்கித் தயங்கி அந்தச் சின்னக் கிண்ணத்தை நீட்டுவார்கள். இவ்வளவு போதும் தாயி என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

தன் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய், பால் கட்டிக்கொண்டு வலியில் இருந்தவர், ‘இதை யாருக்காச்சும் குடுங்க சிஸ்டர்’ என்று கேட்டு வந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. அந்தப் பால் யாருக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது. குடித்த குழந்தையின் அம்மாவுக்கும் யார் கொடுத்தது என்று தெரியாது. விதிமுறை அப்படி. ஆனால் விதிமுறையைத் தாண்டியும் அது சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

---

மொட்டைமாடி:

சிஸ்டர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் வணக்கம்.

---

கல்லும் மண்ணும்:

வைகைக்கரை தம்பி, நீங்கள் சொன்ன மடியைப் படித்ததும் எனக்குச் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாலையை அகலப்படுத்தும்போது எத்தனையோ சுமைதாங்கிகளை அகற்ற வேண்டி வந்தது. சிலவற்றை ஓரமாக நகர்த்தி நட்டோம். பல காணாமல் போயின.

பார்க்காத இளம்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இரண்டு கல்லைச் செங்குத்தாக நட்டு மேலே ஒரு கல்லைப் பாலம் போட்டது போலக் கிடத்தியிருப்பார்கள். அதன் உயரத்தில்தான் விஷயம் இருக்கிறது. தலையில் விறகுக் கட்டோ நெல் மூட்டையோ சுமந்து வருகிறவர் தனியாக வந்தால் அதைக் கீழே இறக்க முடியாது. இறக்கினாலும் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். கல் தோள் உயரத்துக்கு இருந்தால், லேசாகக் குனிந்து சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, மூச்சு வாங்கி, திரும்பத் தலையை அதே உயரத்தில் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். யாரையும் கூப்பிட வேண்டாம். உதவி கேட்க வேண்டிய கூச்சத்தைக்கூட மிச்சப்படுத்துகிற அளவுக்கு யோசித்துச் செய்திருக்கிறார்கள். இதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

பல ஊர்களில் இதை, கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவார்கள். வயிற்றுச் சுமையோடு போனவளின் பாரத்தை, வழிப்போக்கர்களின் பாரத்தை இறக்கி வைப்பதன் மூலம் இறக்கி வைப்பதாக நம்பிக்கை. துக்கத்தை அழுது தீர்க்காமல் நாலு பேருக்குத் தோள்வலி தீர்க்கிற கல்லாக மாற்றிய குடும்பங்கள் அவை. சிஸ்டர் சொன்ன தாயும் அந்த வரிசையில்தான் வருகிறார்.

ஆவுரிஞ்சிக் கல்லும் உண்டு. மேய்ச்சலுக்குப் போகும் வழியிலும் குளத்தோரத்திலும் மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்காக நட்ட கல். மாட்டுக்கு முதுகு அரிக்கும், அதற்குக் கை கிடையாது என்பதை ஒருவர் உட்கார்ந்து யோசித்து, செலவு செய்து கல் நட்டிருக்கிறார். பழைய நூல்களில் 32 அறங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

---

கேள்வி கேட்பவன்:

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பையன் ஏன் சாய்ந்து நிற்கும் அளவுக்குப் பாரம் சுமக்கிறான்? பை எடை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2020-ல் வந்த பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. காலை நேரத்தில் ஏன் பஸ் போதவில்லை? அந்த அம்மா நல்லவர், சரி. அவருடைய நல்ல மனசைப் பார்த்து நாம் மகிழ்ந்துகொண்டே இருந்தால், கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவோம் என்பது என் பயம்.

---

வைகைக்கரை:

உங்கள் பயம் நியாயம்தான் தோழர். பஸ் கூடுதலாக வேண்டும் என்று மனு எழுத வேண்டும், எழுதுவோம். ஆனால் மனு போய்ச் சேர்ந்து வண்டி வரும்வரை அந்தப் பையன் நின்றுகொண்டுதானே இருப்பான்? கோரிப்பாளையம் வருவதற்குள் யாராவது பையை வாங்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒருவரே செய்யலாம். என் அனுபவத்தில், அடுத்தவர் நிற்பது கண்ணில் படுகிறவர்தான் மனுவிலும் கையெழுத்துப் போடுகிறார். கண்ணில் படாதவர் இரண்டையும் செய்வதில்லை.

---

பூக்கட்டு:

நான் பார்த்ததை எழுதுகிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு மறதி நோய். எங்களை அடையாளம் தெரிகிறது, காலம்தான் குழம்பிவிட்டது. தினமும் காலையில் பூக்காரம்மா வாசலில் கூடையை இறக்குவார். அம்மா வெளியே வந்து, ‘முழம் என்ன விலை?’ என்று கேட்பார். பூக்காரம்மா இன்றைய விலையைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும், ‘எட்டணாவுக்கு வாங்கின பூவை இப்படியா விக்கிறது’ என்று. முதல் சில நாள் நான் குறுக்கே போய், அம்மா இப்ப அந்த விலை இல்லம்மா என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா அழுதுவிடுவார்.

பூக்காரம்மாதான் அதை மாற்றினார். ஒரு நாள் அவரே, ‘சரி தாயி, எட்டணாதான், உனக்காகத்தான்’ என்று சொல்லி, கை முட்டியில் இருந்து நீட்டி அளந்து, அரை முழம் கூடவே கிள்ளிக் கொடுத்தார். அம்மாவுக்கு அப்படி ஒரு வெற்றி. முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் பழைய சில்லறையை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் அதே பேரம், அதே விட்டுக்கொடுப்பு. ஒரு நாளும் அவர் சலிப்பாகச் சொன்னதில்லை. ‘எட்டணாவா, கட்டுப்படியாகாது தாயி’ என்று முதலில் கொஞ்சம் பிகு பண்ணுவார், ஏனென்றால் உடனே ஒத்துக்கொண்டால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். மாதக் கடைசியில் என்னிடம் கணக்குப் பார்த்து மீதியை வாங்கிக்கொள்வார். அம்மாவின் கண் முன்னால் அந்தக் காசு கை மாறியதே இல்லை.

மருத்துவரும் எங்களுக்கு இதைத்தான் சொன்னார், திருத்தாதீர்கள், அவர்கள் இருக்கும் காலத்துக்குள் நீங்கள் போங்கள் என்று. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலே பூக்காரம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. அவருக்கு வெயில் ஏறுவதற்குள் இன்னும் எத்தனையோ தெரு போக வேண்டும். அந்த அவசரத்திலும் எங்கள் வாசலில் பேரம் பேசுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அம்மாவின் நாளில் மிகத் தெளிவான நேரம்.

---

ராத்திரி டியூட்டி:

பூக்கட்டு, உடனே ஒத்துக்கொள்ளாமல் பிகு பண்ணுகிறார் பாருங்கள், அங்கேதான் அவர் உங்கள் அம்மாவை மதிக்கிறார். எங்கள் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லப் போகிறேன், அனுமதி உண்டா?

---

பூக்கட்டு:

தாராளமாகச் சொல்லுங்கள் சிஸ்டர்.

---

கருவேலம்:

கல்லும் மண்ணும் ஐயா எழுதியதை மரியாதையோடு படித்தேன். அதோடு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்.

எங்கள் தாத்தா கோடையில் சந்தைக்கு நடந்து போவார். வழியில் தண்ணீர்ப் பந்தல் உண்டு, மோர்கூடக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்குச் செம்பில் கொடுப்பார்கள். தாத்தா கொஞ்சம் தள்ளிக் குனிந்து நிற்க வேண்டும், இரண்டு கையையும் குவித்து வாயருகே வைக்க வேண்டும், மேலே இருந்து ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர் நல்லவராக இருந்தால் நிதானமாக ஊற்றுவார். தாத்தாவின் தாகமும் தீர்ந்தது, அந்தக் குனிதலும் சாகிறவரை அவர் முதுகில் இருந்தது. ஊருக்கு ஊர் டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சில ஊரில் அது போய் ரொம்ப நாள் ஆகவில்லை.

அதனால் எனக்குத் திண்ணையையும் தண்ணீர்ப் பந்தலையும் பற்றிப் பேசும்போது, யாருக்கு, எப்படி என்ற கேள்வி கூடவே வரும்.

பஸ்ஸைப் பற்றி வைகைக்கரை அண்ணன் எழுதியது எனக்கு வேறு மாதிரி இனித்தது. காரணம் சொல்கிறேன். விடுதலைக்கு முன்னால் நம் பக்கத்தில் தனியார் பஸ்களில் எங்கள் ஆட்களை ஏற்ற மாட்டார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதி திராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகுதான் ஏறி உட்கார முடிந்தது. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்காமல் ஒரு மடி இன்று ஒரு பையை வாங்கிக்கொள்கிறது என்றால், அந்த மடிக்கு அடியில் ஓர் உத்தரவு இருக்கிறது, அதற்காகப் பேசியவர்கள் இருக்கிறார்கள்.

தினசரிக் கருணை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. குனிய வைக்காத கருணைதான் எனக்கு வேண்டும். பையை வாங்கிய அம்மா உட்கார்ந்திருக்கிறார், பையன் நிமிர்ந்து நிற்கிறான். சுமைதாங்கியும் அப்படித்தான், கல்லுக்கு யாரும் கும்பிடு போட வேண்டியதில்லை. அந்த வகையைத்தான் நாம் தேடிப் பிடித்துக் கொண்டாட வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

கல்லும் மண்ணும்:

கருவேலம் தம்பி, இதை நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இந்த இழை பாதியில்தான் நின்றிருக்கும். உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம்.

---

கேள்வி கேட்பவன்:

நான் கேட்க நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார் கருவேலம். இப்போது எனக்கு இந்த இழை பிடிக்கிறது.

---

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம். உங்கள் கதைகளை வாசிக்க எங்கட ஊர் படலை, அதாவது வாசல் கதவு, நினைவுக்கு வந்துவிட்டது.

பருத்தித்துறையில் தெருமூடிமடம் என்று ஒன்று இருக்கிறது. தெருவுக்கு மேலேயே கூரை போட்டு இரண்டு பக்கமும் திண்ணை கட்டிய மடம். ரோட்டு அதற்குள்ளால்தான் போகிறது, வெயிலில் நடந்து வருகிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு நிமிடம் நிழலுக்குள்ளால் போய்த்தான் ஆக வேண்டும். பழைய வீடுகளில் சங்கடப்படலை இருந்தது. வாசல் படலைக்கு மேலே சின்னக் கூரை, இரண்டு பக்கமும் இருக்க இடம், மழைக்கும் வெயிலுக்கும் வழிப்போக்கர்கள் ஒதுங்குவதற்கு. வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர்ப் பானையும் வைத்திருப்பார்கள். மாடுகளுக்கு நாங்களும் கல் நட்டோம், ஆவுரோஞ்சிக் கல் என்போம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்து எல்லோரும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டோம். எனக்குச் சின்ன வயது. மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே மணிக்கணக்கு எடுத்தது, சனம் அசைய இடமில்லை. தென்மராட்சியில் பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் ஒரு இரவில் நிறைந்துவிட்டது. எங்களை முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விட்டார்கள். அங்கே எங்களுக்கு முன்னமே பல குடும்பங்கள். அந்த வீட்டு அம்மம்மா ஒரு காரியம் செய்தார், அதைத்தான் எழுத வந்தேன். சமைக்கும்போது எங்கள் அம்மாவிடம் வந்து, ‘உப்புப் பார் பிள்ளை’ என்று அகப்பையை நீட்டுவார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்துப் பெண்ணிடம் நீட்டுவார். உப்புப் பார்க்கத் தெரியாதவர் அல்ல அவர். வீட்டை விட்டுவிட்டு வந்த பெண்களுக்கு அது தங்கள் அடுப்பு என்று தோன்ற வேண்டும் என்பதற்காகச் செய்தார் என்று அம்மா பிறகு சொல்லுவா. அம்மா இப்பவும் விருந்தாளி வந்தால் அகப்பையை நீட்டி உப்புப் பார்க்கச் சொல்லுவா.

கருவேலம் எழுதியதற்கு ஒரு சொல். எங்கள் ஊர்க் கிணறுகளுக்கும் அந்தக் கதை உண்டு. அந்த வீட்டுக் கிணற்றில் யார் அள்ளுவது என்று கேட்க அந்த நாட்களில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. திரும்பி ஊருக்குப் போன பிறகு சிலர் மறுபடியும் கேட்கத் தொடங்கினார்கள். அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

---

மூணாம் பீரியட்:

அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி எங்கள் பள்ளிக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. முன்பெல்லாம் முதல் பீரியடில் மேசையில் தலை சாய்த்திருக்கும் பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுகிற குரல்கள் உண்டு. அது பசி.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசையில் நிற்கும்போது எப்போதும் கடைசிக்குப் போவான். ஏன் என்று கேட்டேன். ‘புதுசா சேர்ந்த பாப்பா தட்டை நேரா பிடிக்க மாட்டேங்குது டீச்சர், அது உக்கார்ற வரைக்கும் பின்னாடி வருவேன்’ என்றான். அந்தப் பாப்பா அவனுக்குத் தங்கை கிடையாது. பக்கத்து வீடும் கிடையாது. தட்டு சாய்வது அவன் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வைகைக்கரை சார் சொன்ன கண்ணில் படுதல் இதுதான். நாங்கள் பாடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது அதில் பாதிகூட இல்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் வருகிறது. சமையல் அம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊதி ஆறவைத்துத்தான் தட்டில் வைப்பார்.

---

கண்மாய்க்கரை:

சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம் நான். எங்களுக்கு அருகில்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977-ல் அறிவித்தது. கொள்ளுக்குடிப்பட்டி கண்மாயில் பறவை வந்து அடைந்திருக்கும் என்பதால் அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலயம் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ஆசை இருக்காதா? இருக்கும். மத்தாப்புக் கொளுத்திக்கொள்வார்கள், சத்தம் கூடாது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வரும்போதுகூட விதி தளராது.

இதே மாவட்டத்தில் பொத்தகுடியில் 2020-ல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டை வைத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் கூடு போகும். குஞ்சு பொரித்துப் பறக்கிற வரைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஊர் தெருவிளக்குப் போடாமல் இருந்தது. ராத்திரி வயல் வழியில் நடக்கிறவர்கள், கழிப்பறைக்கு வெளியே போக வேண்டிய வயதானவர்கள், எல்லோரும் கூடிப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருவர் இரக்கப்படுவது எளிது. ஊரே உட்கார்ந்து பேசி, இருட்டில் நடக்கச் சம்மதிப்பது எளிதல்ல.

வேடந்தாங்கல்காரர்கள் 1798-லேயே கலெக்டரிடம் போய், ஏரியில் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம், அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். லாபமும் அன்பும் சேர்ந்தே இருந்திருக்கிறது. அதில் என்ன தப்பு?

---

மொட்டைமாடி:

இவ்வளவு நேரம் எல்லோரையும் படித்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சொல்ல அனுபவம் எதுவும் இல்லை. சென்னையில் மூன்றாம் மாடி வாடகை வீடு, பக்கத்தில் யாரையும் தெரியாது. மாடியில் காக்காயும் மைனாவும் வந்து வாய் பிளந்தபடி தண்ணீர்த் தொட்டி மூடியைச் சுற்றி நடக்கின்றன. தண்ணீர் வைக்கலாம் என்று ஆசை. கொசு வரும், டெங்கு வரும் என்று வீட்டு உரிமையாளர் அம்மா வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதானே? என்ன செய்யலாம்?

---

கண்மாய்க்கரை:

அவர்கள் சொல்வது சரி, ஆனால் வழி இருக்கிறது. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் அளவில் ஆகும். அதனால் தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் கொசு வளர நேரமே கிடைக்காது. கொட்டினால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை வீட்டுக்கார அம்மாவிடம் விளக்கிச் சொல்லுங்கள், ஊருக்குப் போகும் நாளில் கவிழ்த்து வைத்துவிடுகிறேன் என்றும் சொல்லுங்கள். ஒத்துக்கொள்வார்கள்.

எவர்சில்வர் வேண்டாம், வெயிலில் சுட்டுவிடும். அகலமான மண்சட்டி, ஆழம் இரண்டு விரல்கட்டை இருந்தால் போதும். நடுவில் ஒரு கல் போடுங்கள், சின்னக் குருவியும் தேனீயும் நின்று குடிக்கும், விழுந்தாலும் ஏறிக்கொள்ளும். நிழலில் வையுங்கள், பூனை பாயாத இடமாகப் பாருங்கள்.

---

கருவேலம்:

கூடவே ஒரு பிடி நொய் போடலாம். எறும்புக்கும் ஆகும். இப்போது கடையில் விற்கிற கோலப்பொடி பெரும்பாலும் கல் மாவு, எறும்பு அதைத் தின்னாது. கோலத்துக்கு அரிசி மாவு கலந்தாலே வாசலில் வித்தியாசம் தெரியும்.

---

மொட்டைமாடி:

வீட்டுக்கார அம்மாவிடம் பேசிவிட்டேன். தினமும் கழுவுகிறேன் என்று சொன்னதும், ‘அப்ப நீ வெளியூர் போனா நான் கழுவுறேன்’ என்று சொல்லிவிட்டார்கள்! புதுச் சட்டி வாங்கட்டுமா, பழையது போதுமா?

---

கண்மாய்க்கரை:

பழையதே போதும். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருக்கக்கூடாது, சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி ஒரு நாள் காய வையுங்கள். வாய் உடைந்த சட்டியாக இருந்தால் இன்னும் நல்லது, விளிம்பு தாழ்வாக இருக்கும்.